பயத்துக்கு ஒரு ஓட்டா?



18 வயது நமக்கு வேறு எதைக் கொடுத்ததோ இல்லையோ, ஓட்டுரிமையைக் கொடுத்துவிட்டது. நம்மில் பலபேர் இன்னும் முதல் ஓட்டையே போடவில்லை. போடுவதற்கு முன்னால், பக்கத்து நாடான இலங்கையில் நடந்த ஒரு தேர்தலைப் பற்றி நாம் தெரிந்துகொள்வது நல்லது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நம் நாட்டில் ஜனாதிபதியை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். இலங்கையில் அப்படியில்லை. மக்களே நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். ஆட்சியின் சாவியும் ஜனாதிபதி கையில்தான் இருக்கிறது.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய ஊர்களில் மூன்று தேவாலயங்களிலும், கொழும்பில் மூன்று பெரிய ஓட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். சாமி கும்பிடப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. மட்டக்களப்பில் ஞாயிறு வகுப்புக்கு வந்த குழந்தைகளும் இறந்தார்கள். இதைவிடக் கொடுமை உண்டா?

அடுத்த ஏழே மாதத்தில், நவம்பர் 16-ந் தேதி ஜனாதிபதித் தேர்தல். அப்புறம் சொல்லவா வேண்டும்! குண்டு வெடித்த ஒரு வாரத்துக்குள்ளேயே, போர்க் காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோத்தபய ராஜபக்ச தான் போட்டியிடப் போவதாகச் சொல்லிவிட்டார். தேர்தல் மேடையெங்கும் 'பாதுகாப்பு, பாதுகாப்பு' என்ற ஒரே பேச்சு. 52.25 சதவீத ஓட்டு வாங்கி அவர் ஜெயித்தார். எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாசவுக்கு 41.99 சதவீதம்.

பயந்து போன மக்கள் பாதுகாப்பைக் கேட்டது தப்பா? தப்பே இல்லை. பிள்ளையைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்கும் ஒரு தாயிடம் போய், "பயப்படாதே, பொருளாதாரத்தைப் பற்றிப் பேசு" என்று சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது. ஆனால் அந்தப் பயத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேள்வி கேட்க நமக்கு யோக்கியதை உண்டு. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தேர்தலே சாட்சி.

முதல் விஷயம். இந்தத் தாக்குதல் ஏன் நடந்தது? அரசாங்கத்திடம் பலம் இல்லாததாலா? இல்லை நண்பர்களே! ஏப்ரல் 4-ந் தேதியே இந்திய உளவுத்துறை எச்சரிக்கை அனுப்பியிருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. பாதுகாப்பு இலாகாவையும் தன்னிடமே வைத்திருந்த அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கும், பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் ஆகாது. பாதுகாப்புக் கூட்டத்துக்குப் பிரதமரைக் கூப்பிடுவதே இல்லை. வந்த தகவல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கடமையில் தவறியதற்காக சிறிசேன 10 கோடி ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

நம் லேப்பில் ஃபியூஸ் அடிக்கடி போனால் என்ன செய்வோம்? எங்கே ஷார்ட் ஆகிறது என்று தேடுவோம். சில பேர் அதைத் தேடாமல் தடிச்ச கம்பியாகப் பார்த்துச் சொருகி விடுவார்கள். லைட் எரியும், ஃபேன் ஓடும், பார்க்கத் தெம்பாக இருக்கும். ஆனால் ஒருநாள் ஒயரே பற்றிக்கொள்ளும். தகவல் ஏன் போய்ச் சேரவில்லை என்று கேட்காமல், 'பலசாலி ஒருத்தர் வந்தால் போதும்' என்று நினைப்பதும் அப்படித்தான்!

இரண்டாவது விஷயம். அதே தேர்தல் அறிக்கையில் இன்னொரு வாக்குறுதியும் இருந்தது. வரிகளை வெகுவாகக் குறைப்போம் என்பதுதான் அது. இப்படிச் செய்தால் நாடே திவாலாகும் என்று அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர எச்சரித்தார். குண்டுச் சத்தத்தில் அது யார் காதில் விழும்? ஆட்சிக்கு வந்ததும் 15 சதவீதமாக இருந்த மதிப்புக் கூட்டு வரியை 8 சதவீதமாக்கினார்கள். பிறகு கொரோனா வந்து சுற்றுலா வருமானம் படுத்தது. 2021-ல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்ததில் விளைச்சலும் விழுந்தது. 2022 ஏப்ரலில் 'வெளிநாட்டுக் கடனை இப்போது கட்ட முடியாது' என்று அரசாங்கமே அறிவித்தது. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அந்த ஜூலையில், 'என்னால்தான் நாட்டைக் காப்பாற்ற முடியும்' என்று வந்தவரே நாட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

வரிக்குறைப்பு ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. தேர்தல் மேடையில் அலசிப் பார்த்திருக்க வேண்டிய ஒன்றை, பயம் மேடைக்குப் பின்னால் தள்ளிவிட்டது என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. குண்டு வைத்தது ஒரு சின்னக் கும்பல். பழி விழுந்தது ஒரு சமுதாயத்தின் தலையில். 2019 மே மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. குண்டுக்கும் அந்தக் கடைக்காரருக்கும் என்ன சம்பந்தம்? மட்டக்களப்பிலும் தான் குண்டு வெடித்தது. ஆனால் தமிழர்களும் முஸ்லிம்களும் நிறைந்த அந்த மாவட்டம் சஜித்துக்கே பெருவாரியாக ஓட்டுப் போட்டது. போரைக் கண்ணால் பார்த்தவர்களுக்குப் 'பாதுகாப்பு' என்ற சொல்லே வேறுமாதிரிக் கேட்டிருக்கிறது. ஒருவருக்குக் காவலாகத் தெரிவது இன்னொருவருக்கு மிரட்டலாகத் தெரியலாம் அல்லவா?

இலங்கை சின்ன நாடு, அதனால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். உலகத்துக்கே ஜனநாயகம் போதிக்கும் அமெரிக்காவிலும் இதுதான் கதை. 2004-ல் புஷ்ஷும் கெர்ரியும் மோதிய தேர்தல். ஆகஸ்டு 1-ந் தேதி, நியூயார்க், வாஷிங்டன் நிதி நிறுவனங்களுக்கு ஆபத்து என்று அபாய அளவை ஆரஞ்சு நிறத்துக்கு ஏற்றினார்கள். கெர்ரி கட்சியின் மாநாடு முடிந்து மூன்றே நாள்! அந்தத் தகவலில் பெரும்பகுதி மூன்று, நான்கு வருஷத்துப் பழசு என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. ஓட்டுப்பதிவுக்கு நாலு நாள் முன்பு பின்லேடனின் வீடியோ வந்தது. நாடே அதைப் பற்றிப் பேசியது. எங்கோ ஒளிந்திருந்த ஒருவன் ஒரு வீடியோவால் ஒரு வல்லரசின் தேர்தல் பேச்சையே தன் பக்கம் திருப்பிவிட்டான் என்றால், ஜெயித்தது யார்?

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். தேர்தல் சமயத்தில் பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது என் வேலை. யார் என்ன வீராவேசமாகப் பேசியிருந்தாலும் எங்கம்மா கடைசியில் ஒன்றுதான் கேட்பாங்க: "எல்லாம் சரிப்பா, அரிசி விலையைப் பத்தி என்ன சொல்லியிருக்காங்க?" பள்ளிக்கூடமே போகாத அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, எந்தக் கேள்வியை விடக்கூடாது என்று.

ஆகவே நண்பர்களே! நாளைக்கு நம் ஊரிலும் ஒரு பயத்தைக் காட்டி ஒருவர் ஓட்டுக் கேட்கலாம். அப்போது அவரிடம் மூன்று கேள்வி கேட்போம். நடந்ததற்கு யார் பொறுப்பு? மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள், அதற்கு யார் விலை கொடுக்க வேண்டும்? பயத்தைத் தவிர உங்கள் அறிக்கையில் வேறென்ன இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிறவர் உண்மையிலேயே பலசாலியாக இருக்கலாம். கேள்வி கேட்டதற்கே 'தேசத்துரோகி' என்று பாய்கிறவர் நிச்சயம் பலசாலி இல்லை.

பயம் வருவது இயற்கை. ஆனால் பயம் வந்த நேரத்தில்தான் வாயைத் திறந்து கேள்வி கேட்க வேண்டும். படித்த பிள்ளைகள் நாமே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

— இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை