பிழைத்தவர்களின் கதி

தீ விபத்து ஒன்று நேர்ந்தால், மறுநாள் பத்திரிகைகளில் இறந்தோர் இத்தனை பேர், காயமுற்றோர் இத்தனை பேர் என்ற கணக்கு வெளியாகிறது. இறந்தோர் கணக்கு நாளுக்கு நாள் திருத்தப்படுகிறது. காயமுற்றோர் கணக்கை அப்புறம் எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இந்தக் குற்றத்திலிருந்து நாம் நம்மை விலக்கிக் கொள்ளவில்லை. 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள் மாண்டார்கள் என்பது நாடறிந்த விஷயம். அன்று வெந்த உடலோடு வெளியே தூக்கி வரப்பட்டுப் பிழைத்த குழந்தைகளுக்குக் கை நீளுகிறதா, கழுத்து திரும்புகிறதா என்று பின்னர் விசாரித்தவர் எத்தனை பேர்?

இந்தியாவில் ஆண்டுதோறும் பத்து லட்சம் பேருக்கு மேல் மிதமாகவோ கடுமையாகவோ தீக்காயம் அடைகின்றனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. இவர்களில் பெரும்பாலோர் சாவதில்லை, பிழைக்கிறார்கள். ஆனால் புண் ஆறுவது வேறு, ஆள் குணமடைவது வேறு. தோலின் ஆழம் வரை வெந்துபோன இடத்தில் புதுத் தோல் தானாக முளைப்பதில்லை. புண்ணின் ஓரங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே மூடுகின்றன. அப்படி மூடிய தழும்பு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை தடித்து, இறுகி, சுருங்கிக்கொண்டே போகிறது. சமதளமான தொடையிலோ முதுகிலோ இது நேர்ந்தால் விகாரத்தோடு போகும். மூட்டு இருக்குமிடத்தில் நேர்ந்தாலோ அந்த மூட்டையே பூட்டிவிடுகிறது.

கழுத்தில் தீப்பட்ட ஸ்திரீயின் மோவாய் மார்போடு ஒட்டிக்கொள்கிறது. கீழுதடு இழுபட்டு, வாயை மூட முடியாமல் எச்சில் வடிகிறது. எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவள் இடுப்பைப் பின்னுக்கு வளைக்க வேண்டும். அக்குள் ஒட்டிக்கொண்டவளால் தலைவாரிக்கொள்ள முடியாது. கொடியில் துணி உலர்த்த முடியாது. விரல்கள் மடங்கிப்போன தொழிலாளி ஊசியோ உளியோ பிடிக்க முடியாது. குழந்தைகளின் கதி இன்னும் கொடிது. எலும்பு வளர்கிறது, தழும்பு உடன் வளர்வதில்லை. ஆகையால் காலம் கடக்கக் கடக்க மூட்டே கோணலாகிவிடுகிறது.

இதில் நெஞ்சை வருத்துவது யாதெனில், பெரும்பாலான முடக்கங்கள் தடுக்கக் கூடியவை என்பதுதான். வலி குறைவதற்காக நோயாளி உடலை எப்படி மடக்கி வைத்துக் கொள்கிறாரோ, அந்த நிலையிலேயே தழும்பு இறுகிவிடும். கழுத்து வெந்த மகளின் தலைக்கு உயரமாகத் தலையணை வைக்கிறாள் தாய்; முழங்கால் வெந்தவனுக்கு அடியில் துணியைச் சுருட்டி வைக்கிறார்கள். அன்பினால் செய்யும் காரியம்; அதுவே ஆறு மாதத்தில் அங்கஹீனமாகிறது. கழுத்தில் புண்ணிருந்தால் தலையணையே கூடாது. புஜத்தை உடலை விட்டு விலக்கி வைக்க வேண்டும். கையையும் முழங்காலையும் பத்தை வைத்துக் கட்டி, உரிய நிலையில் நிறுத்தி, முதல் வாரத்திலிருந்தே மூட்டுகளை அசைக்கப் பழக்க வேண்டும். ஆழமான புண்ணை மாதக்கணக்கில் தானாக ஆறவிடாமல், வெந்த தோலை அகற்றிச் சீக்கிரமே தோல் ஒட்ட வேண்டும். இவற்றிற்கு விலையுயர்ந்த யந்திரங்கள் தேவையில்லை. சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் தேவை.

தடுக்கத் தவறிய இடத்தில் ரண சிகிச்சை கைகொடுக்கிறது. இறுகிய தழும்பை அறுத்து மூட்டை விடுவித்தால், சிறு கீறல் என்று எண்ணிய இடத்தில் உள்ளங்கையகலத்துக்கு மேல் இடைவெளி திறந்துவிடும். எவ்வளவு தோல் குறைந்து போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிகிறது. அந்த இடைவெளியைத் தொடை முதலிய இடங்களிலிருந்து எடுத்த தோலால் மூடுகிறார்கள். மெல்லிய தோல் எளிதில் ஒட்டும். ஆனால் மறுபடி சுருங்கும். முழுக் கனமுள்ள தோல் குறைவாகவே சுருங்கும். ஆனால் அதை நிறைய எடுக்க முடியாது. நரம்பும் எலும்பும் வெளித்தெரியும் இடத்தில், ரத்த ஓட்டத்தோடு கூடிய தோல் மடலையே திருப்பி வைக்க வேண்டும். கயிறுபோல் விறைத்து நிற்கும் தழும்புக்கு, ஆங்கில இஸட் எழுத்தின் வடிவில் வெட்டி, இரண்டு முக்கோணங்களை இடம் மாற்றித் தைக்கும் முறையொன்று உண்டு. முக்கோணத்தின் கோணம் 60 டிகிரியாக இருந்தால் நீளம் முக்கால் பங்கு கூடும் என்பது கணக்கு. சதையில் செய்யும் க்ஷேத்திர கணிதம் இது!

கழுத்து முடக்கத்தில் மயக்க மருந்து கொடுப்பதே பேரபாயம். தலையைப் பின்னால் சாய்க்க முடியாதபோது சுவாசக் குழலை எப்படிச் செலுத்துவது? வளையும் தூரதரிசினிக் குழாயின் உதவியால் செலுத்துகிறார்கள்; அக்கருவி இல்லாத இடங்களில், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து தழும்பை முதலில் அறுத்து, தலையைச் சாய்த்த பிறகே மயக்கம் கொடுக்கும் டாக்டர்களும் உண்டு. அவர்களுடைய துணிவைப் பாராட்டுவோம். அவர்களை அந்நிலையில் நிறுத்தியவர்களைப் பாராட்ட மாட்டோம்.

நிற்க. கத்தி செய்வது பாதிக் காரியமே. சிகிச்சைக்குப் பின் பல மாதங்கள் பத்தை கட்டிக் கொள்ளாமலும் அழுத்த உடை அணியாமலும் பயிற்சி செய்யாமலும் இருந்தால், விடுவித்த மூட்டு திரும்பவும் பூட்டிக்கொள்ளும். பல ஆண்டு மடங்கியிருந்த மூட்டில் ரத்தக் குழாயும் நரம்பும் கூடக் குறுகிப் போவதால், ஒரே நாளில் அதை முழுதும் நிமிர்த்தவும் இயலாது. தழும்பு அடியோடு மறையும் என்று எந்த நேர்மையான டாக்டரும் சொல்ல மாட்டார்.

இது ஏதோ மேல்நாட்டு வித்தை என்று எண்ணுவோர் உண்டு. தோலைத் திருப்பி வைத்து அங்கத்தைப் புதுப்பிக்கும் கலைக்கு நமது சுசுருதர் ஆதி ஆசிரியர். திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்ட கோவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரருக்குப் பூனாவின் பக்கத்தில் ஓர் இந்தியர் நெற்றித் தோலைக் கொண்டு புது மூக்கு அமைத்த செய்தி, 1794-ல் லண்டன் பத்திரிகையொன்றில் படத்துடன் வெளிவந்தது. அந்த முறையைப் பின்பற்றித்தான் கார்ப்யூ என்ற ஆங்கில வைத்தியர் சிகிச்சை செய்து 1816-ல் நூல் வெளியிட்டார். பெருமை பேச இது போதும். ஆனால் பழம்பெருமையைக் கொண்டு இன்று ஒரு விரலைக்கூட நிமிர்த்த முடியாதல்லவா?

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை சிகிச்சை உண்டு. தீக்காய முடக்கத்தை நீக்கும் ரண சிகிச்சை அத்திட்டத்தின் பட்டியலில் பெயர் சொல்லியே இடம் பெற்றிருக்கிறது. பட்டியலில் இருப்பது பாமரருக்கு எப்படித் தெரியும்? புண் ஆறியதும் ஆஸ்பத்திரிச் சீட்டில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டால், மூன்று மாதம் கழித்துக் கை மடங்குவதை யார் பார்ப்பது? கூலி வேலை செய்பவர் நாள்கூலியை இழந்து, பஸ் சத்தமும் கொடுத்து, ஜில்லா தலைநகருக்கு வாராவாரம் பயிற்சிக்கு வருவாரா?

சட்டத்திலும் ஒரு விந்தை இருக்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் திராவக வீச்சுக்கு ஆளானோரைத் தனிப் பிரிவாகவே ஏற்றுக்கொண்டது. அவர்களுக்குத் தனியார் ஆஸ்பத்திரிகளும் அங்கச் சீரமைப்பு உட்படச் சகல சிகிச்சையும் இலவசமாக அளிக்க வேண்டுமென்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. முற்றிலும் நியாயம். ஆனால் மண்ணெண்ணெயில் வெந்து மோவாய் மார்போடு ஒட்டிய பெண்ணுக்குச் சட்டத்தில் தனிப் பெயரில்லை. அவள் இயக்கக் குறைபாடு என்ற பொதுத் தலைப்பின் கீழ் நின்று, நூற்றுக்கு நாற்பது என்ற அளவை எட்டினால்தான் முழுச் சலுகைக்கும் உரியவளாவாள். ‘ஸ்டவ் வெடித்து விட்டது’ என்ற மூன்று வார்த்தைகளுக்குள் எத்தனை கொடுமைகள் புதைந்து கிடக்கின்றன என்பதைக் கோர்ட்டுகள் அறியும். கொடுமையைச் சொல்லத் துணியாதவளுக்கு வைத்தியமும் இல்லை என்பது என்ன தர்மம்?

நாம் கேட்பது இவ்வளவுதான். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியை விட்டுச் செல்லும் ஒவ்வொருவரின் பெயரும் ஒரு பதிவேட்டில் ஏறட்டும். ஒன்றரை ஆண்டு வரை மாதமொரு முறையாவது அவருடைய மூட்டுகள் பரிசோதிக்கப்படட்டும். ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் உடற்பயிற்சி வைத்தியரும் பத்தை செய்பவரும் நிரந்தரமாக நியமிக்கப்படட்டும். சிகிச்சைக்கு வருபவருக்கும் துணைக்கு வருபவருக்கும் பிரயாணப்படி கொடுக்கப்படட்டும். தீயினால் முடங்கியவர்களையும் சட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்க்கும்படி பார்லிமெண்டில் உள்ள நமது பிரதிநிதிகள் திருத்தம் கொண்டு வரட்டும்.

சர்க்கார் விழிக்கும் வரை ஊழியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இவ்விதம் முடங்கியவர்கள் வெளியே வருவதில்லை. வீட்டின் பின்கட்டில் இருப்பார்கள். நமது அன்பர்கள் தத்தம் வட்டத்தில் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வார்களாக. போகும்போது ரேஷன் கார்டையும் இன்ஷூரன்ஸ் கார்டையும், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லட்டும்.