பவளப்பாரைக் காப்பது யார் வேலை?

ராமேசுவரத்தை ஒட்டிய குருசடைத் தீவில் மான்கொம்புப் பவளங்கள் மீது ஓர் அயல்பாசி படர்ந்திருப்பது 2008-இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. பெயர் கப்பாபைகஸ், பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. ஐஸ்கிரீமையும் பற்பசையையும் குழைவாக வைத்திருக்கும் காராஜீனன் இதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பன்னிரண்டடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசியைக் கட்டிவிட்டால், 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் அறுக்கலாம். வேறு வருமானம் இல்லாத கரையோரக் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

தொல்லை, மிதவைக் கயிற்றிலிருந்து பிய்ந்துபோகும் துண்டால் வருகிறது. நீரோட்டம் தள்ளிக்கொண்டுபோய்ப் பவளத்தின் இடுக்கில் அதைச் செருகிவிடும். அங்கேயே பருத்து, கிளைகளைப் பிணைத்து, மெத்தைபோல் மூடிக்கொள்ளும். வெளிச்சம் படாத பவளம் அடியிலேயே செத்துப்போகும். வனத்துறை ஆட்களை இறக்கிப் பிடுங்குகிறது. கைக்குத் தப்பிய துணுக்கு மறுபடி தழைக்கிறது.

பாசியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஓராவும் கிளிமீனும் பாசி மேய்கிற மீன்கள். பாரைச் சுத்தமாக வைத்திருப்பவை. பார் மேல் மீன் பிடிக்கும் கூடு போட்டால் அகப்படுவதும் இவைதான். கூடு நகராமலிருக்கப் பவளக்கல்லைப் பெயர்த்து மேலே வைப்பவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இரவில் இழுவைமடிக்கு அந்தக் கோடு தெரிவதில்லை. 2010, 2016 கோடைகளின் வெப்பத்தில் வெளிறிப்போன பவளம் இத்தனையையும் தாங்க வேண்டியிருக்கிறது.

கேட்டால் நாட்டுப்படகுக்காரர் விசைப்படகைக் கைகாட்டுவார். விசைப்படகு முதலாளி டீசல் கணக்கை நீட்டுவார். வனத்துறையும் மீன்வளத்துறையும் ஒன்றையொன்று பார்க்கும். கடைசியில் பழி பாசி வளர்த்த பெண்கள் தலையில் விழும். இது அநியாயம். விதைப்பாசியை அவர்கள் கடல் கடந்து போய்க் கொண்டுவரவில்லை. ஆய்வு நிலையமும் கம்பெனியும் கொண்டுவந்து கையில் கொடுத்தது அது.

பழி சொல்வதை விட்டுக் கூடிப் பேசலாம்; இந்தக் கரைக்கு ஒப்பந்தம் புதிதும் அல்ல. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று பாக் நீரிணையில் நாளைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் இவர்கள். பாம்பன் பக்கம் இயற்கைப் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவது என்று தாங்களே பேசி வைத்துக்கொண்டார்கள். சுண்ணாம்புக்காகப் பவளக்கல் வெட்டியதும் நின்றிருக்கிறது. ஆனால் அதற்குள் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன.

கரீபியக் கடலிலும் இப்படி ஒரு வம்பு உண்டு. நம் பக்கத்துக் கடல்களின் சிங்கமீன் அங்கே போய்ப் பெருகிக் குஞ்சுமீன்களைத் தின்று தீர்க்கிறது. அங்குள்ளவர்கள் ஈட்டியால் குத்திப் பிடித்து உணவகத்துக்கு விற்கிறார்கள். நமக்கு அந்த வழி சரிப்படாது. பாரில் படர்ந்த பாசிக்கு விலை வைத்தால், அது ஒழிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

எனவே செலவை லாபம் பார்ப்பவர் ஏற்க வேண்டும். பாசி வாங்கும் நிறுவனங்கள் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒதுக்கட்டும்; அந்தப் பணத்தில் உள்ளூர் ஆட்களே மாதாமாதம் பாரைப் பார்த்துப் பிடுங்கட்டும். அயல்பாசி மிதவை தீவுகளின் பக்கமே வரக் கூடாது. அங்கே தொழில் வேண்டுமென்றால் கஞ்சிப்பாசி போன்ற நம் கடல் இனங்கள் இருக்கின்றன. கூடு போடுகிறவர்கள் பாரில் சில பகுதிகளை மீனுக்கே விட்டுவிடலாம். எந்தப் பகுதி என்று அவர்களே சொல்லட்டும், அவர்களுக்குத்தான் தெரியும். விசைப்படகுச் சங்கங்கள் கோட்டைத் தாண்டும் தங்கள் படகைத் தாங்களே தடுக்க வேண்டும். மதுரையிலும் சென்னையிலும் மீன் வாங்குகிற நாமும் குஞ்சு மீனைத் தட்டில் குவித்து வைத்தால் நகர்ந்து போகலாமே!

ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாயில் பாசிப் பூங்கா வருகிறது. அது முழுவீச்சில் ஓடத் தொடங்கிய பிறகு நிபந்தனை பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அந்த நாட்களில் படகுச் சங்கங்களையும் பாசிப் பெண்களையும் நிறுவனங்களையும் இரு துறைகளையும் மாவட்ட ஆட்சியர் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும்.