நாடாவும் ஷட்டில்தான், இறகும் ஷட்டில்தான்!

"விளையாட்டைப் பற்றி இந்த வருஷம் யாருமே எழுதித் தரவில்லை, நீயாவது எழுது" என்று மலர்க் குழுவில் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் பாராட்டுரை எழுதப் போவதில்லை. கொஞ்சம் கேள்வி கேட்கப் போகிறேன். பெரியவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

துளசிமதி முருகேசன் என்ற பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? காஞ்சிபுரத்துப் பெண். வெம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறினால் போய் இறங்கும் ஊர்தான். 2002-ல் பிறந்தவர். 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் பாட்மின்டன் ஒற்றையரில் தங்கம், பெண்கள் இரட்டையரில் வெள்ளி, கலப்பு இரட்டையரில் வெண்கலம் என்று மூன்று பதக்கம் வாங்கினார். ஒற்றையர் இறுதியில் அவர் யாரைத் தோற்கடித்தார் தெரியுமா? டோக்கியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கிய யாங் சியூசியாவை! அதுவும் அவருடைய சொந்த நாட்டிலேயே! துளசிமதிக்கு அப்போது வயது 21.

அடுத்த வருஷம், 2024 செப்டம்பர் 2-ம் தேதி, பாரிஸ் பாராலிம்பிக் இறுதியில் அதே யாங்கிடம் 17-21, 10-21 என்று தோற்று வெள்ளி வாங்கினார். அரையிறுதியில் அவர் 23-21, 21-17 என்று வென்றது நம்ம திருவள்ளூர் மனிஷா ராமதாஸை. மனிஷா அன்றைக்கே வெண்கலம் வாங்கினார். பாராலிம்பிக் பாட்மின்டனில் இந்தியப் பெண்களுக்குக் கிடைத்த முதல் பதக்கங்கள் இவைதான். அதே பாரிஸில் உயரம் குறைந்தவர்களுக்கான பிரிவில் ஓசூர் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலம் வாங்கினார். மூன்று பேருமே தமிழ்நாட்டுப் பெண்கள். ஒருவருக்கும் 23 வயது ஆகவில்லை.

இப்போது என் முதல் வருத்தம். பேப்பரில் இவர்களைப் பற்றி வந்தால் "ஊனத்தை வென்ற வீராங்கனை" என்று போடுவதோடு சரி. ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. துளசிமதிக்கு இடது கையில் பிறவியிலேயே குறைபாடு. ராக்கெட் வலது கையில்தானே, இடது கை எதற்கு என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஆடிப் பார்க்கட்டும். சர்வீஸ் போட ஷட்டிலைப் பிடிக்கிற கை அது. ஸ்மாஷ் அடிக்க எகிறும்போது உடம்பைச் சாயாமல் நிறுத்துகிற கையும் அதுதான். அவர் ஆடும் எஸ்.யு.5 பிரிவில் முழு கோர்ட், அதே வலை உயரம், அதே 21 பாயிண்ட். எந்தச் சலுகையும் கிடையாது. பரிதாபப்பட்டுக் கை தட்டுவதும் ஆட்டத்தைப் பார்த்துக் கை தட்டுவதும் ஒன்றா?

இரண்டாவது விஷயம்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. துளசிமதிக்கு முதல் கோச் அவருடைய அப்பாதான். கூலி வேலை செய்தவர். பணம் இல்லாத வீட்டில் ஒரு அப்பா சின்ன வயசு மகளுக்கு ராக்கெட் வாங்கிக் கொடுத்து, தினம் கூடவே நின்று ஆட வைத்திருக்கிறார். கூலி வேலைக்காரர் கையில் இருக்கிற ஒரே சொத்து அவருடைய நேரம்தான். அதைக் கொடுத்திருக்கிறார். படிப்பையும் விடவில்லை. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டே அந்தப் பெண் இத்தனையும் ஆடியது. "ஒண்ணு படிப்பு, இல்லன்னா விளையாட்டு" என்று நமக்குச் சொல்கிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

எங்கள் வீட்டில் பட்டுத் தறி. அப்பா, அம்மா, பெரியப்பா எல்லாருமே கூலி நெசவு. பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தது நான் ஒருத்திதான். ஊடை நூலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொண்டு போகிற நாடாவுக்கு இங்கிலீஷில் ஷட்டில் என்று பேர். அது மாதிரியே போய்ப் போய் வருவதால்தான் இறகுப் பந்துக்கும் அந்தப் பேர் வந்தது. இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "என் ஷட்டில் சோறு போடுது, உன் ஷட்டில் என்னம்மா போடும்?" என்றார். கேலியாகச் சொன்னாலும் நியாயமான கேள்வி. வீட்டுக்கு முதல் ஆளாகப் படிக்க வந்த பிள்ளை விளையாடினால், கையில் கிடைத்ததைத் தொலைத்துவிடுமோ என்று அவர்களுக்கு உள்ளூரப் பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

பாரிஸ் முடிந்த அதே மாதம் தமிழக அரசு துளசிமதிக்கு 2 கோடி ரூபாயும், மனிஷாவுக்கும் நித்யஸ்ரீக்கும் தலா 1 கோடியும் கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான், நூறு தரம் சரி. ஆனால் அந்தக் கோடி பதக்கம் வந்த பிறகு வருகிறது. பத்து வயசுப் பிள்ளைக்கு வேண்டியது கோடி இல்லை, ஷட்டில்! நல்ல இறகு ஷட்டில் ஒரு டப்பா ஆயிரம் ரூபாய்க்கு மேலே. இரண்டு பேர் மும்முரமாக ஆடினால் ஒரு சாயங்காலத்தில் நாலைந்து இறகு ஒடிந்து போகும். நாங்கள் மஞ்சள் நைலானை வைத்து ஒரு மாசம் ஓட்டுகிறோம். அதில் பழகிவிட்டுப் போட்டியில் இறகைத் தொட்டால் வேகமும் வேறு, விழுகிற இடமும் வேறு.

அதைவிடப் பெரிசு கூரை. ஐந்து கிராம் எடையுள்ள பொருளைக் காற்றில் எப்படி ஆடுவது? நம்ம பக்கத்து ஊர்களில் அந்தக் காலத்திலிருந்தே கம்பளிப் பந்து வைத்துப் பூப்பந்து ஆடினார்களே, அது வெட்டவெளி ஆட்டம், காற்றுக்குத் தாங்கும். இறகுக்குத் தாங்காது. ஆடி மாசத்தில் நம் மைதானத்தில் நான் அடித்த சர்வீஸ் எனக்கே திரும்பி வந்திருக்கிறது!

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருவோம். நம் பாலிடெக்னிக்கில் ஒரு பெரிய ஹால் இருக்கிறது. ஆண்டு விழாவுக்கும் பரீட்சைக்கும் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு. கோர்ட்டுக்கு வேண்டியது 44 அடி நீளம், 20 அடி அகலம். சிவில் பிரிவு நண்பர்கள் டேப் வைத்து அளந்து பார்த்தார்கள். நாற்காலிகளை ஓரம் தள்ளினால் சுற்றிலும் இடம் மிச்சம். கூரையும் நல்ல உயரம். கேட்டால், "தரை கெட்டுப் போகும்" என்கிறார்கள். பரீட்சை பெஞ்சை இழுக்கும்போது கெடாத தரை, எங்கள் கான்வாஸ் ஷூவில் கெடுமா?

போன வருஷம் மண்டலப் போட்டிக்குப் போன நாலு பேருக்கு இரண்டு நாள் ஆப்சென்ட் விழுந்தது. அதில் நானும் ஒருத்தி. பாலிடெக்னிக் பேரைப் பனியனில் போட்டுக்கொண்டு ஆடியதற்குக் கிடைத்த பரிசு அது. அந்த அட்டெண்டன்ஸ் கடிதம் வீட்டுக்குப் போனால் எங்கள் வீடுகளில் என்ன நடக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. பையன்களுக்குத் திட்டு விழும். பெண் பிள்ளைகளுக்கு ஆட்டமே நின்றுவிடும். எங்கள் நாலு பேரில் ஒருத்தி அதற்குப் பிறகு ராக்கெட்டைத் தொடவில்லை. எங்களில் நன்றாக ஆடினவள் அவள்தான்.

சங்கத் தலைவர், செயலாளர் இருவருக்கும் என் வேண்டுகோள் இதுதான். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை ஹாலைத் திறந்துவிடச் சொல்லிப் பிரின்சிபால் சாரிடம் பேசுங்கள். ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் பெண்களுக்கு முதல் முக்கால் மணி. போட்டிக்குப் போகிற நாளை ஆன் டூட்டியாகப் போடச் சொல்லுங்கள். சங்க நிதியில் மாசம் இரண்டு டப்பா இறகு ஷட்டில் போதும். நெட்டை நாங்களே கட்டிக்கொள்கிறோம். போஸ்ட் இரண்டும் ஸ்டோர் ரூமில் பழைய டிராயிங் போர்டுகளுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறது, நான் பார்த்தேன்.

— மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் பிரிவு