பம்பை நிறுத்தும் அதிகாரம் யாரிடம்?

2017 நவம்பர் 15 அன்று தென்கொரியாவின் போஹாங் நகரை 5.4 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மறுநாள் நடக்கவிருந்த நாடளாவிய கல்லூரி நுழைவுத் தேர்வே ஒரு வாரம் தள்ளிப்போனது. புவிவெப்ப மின்சாரத்துக்காக நான்கு கிலோமீட்டருக்கும் கீழே, சூடான கிரானைட் பாறைக்குள் உயர் அழுத்தத்தில் நீர் செலுத்தியதே அதைத் தூண்டியது என்று அரசு நியமித்த ஆய்வுக் குழு 2019 மார்ச்சில் அறிவித்தது.

இத்தகைய திட்டங்களின் காவலாகச் சொல்லப்படுவது 'போக்குவரத்து விளக்கு' முறை. அதிர்வு ஒரு வரம்பைத் தொட்டால் மஞ்சள், அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அதையும் தாண்டினால் சிவப்பு, நிறுத்த வேண்டும். சிவப்பைக் கண்டால் வண்டி நிற்கும். பாறைக்குள் புகுந்த நீரின் அழுத்தமோ பம்பு நின்ற பிறகும் பிளவுகளின் வழியே பரவிக்கொண்டிருக்கும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006 டிசம்பரில் 3.4 அளவு அதிர்வு வந்தது, நீர் செலுத்துவதை நிறுத்திச் சில மணி நேரம் கழிந்த பின்னரே. போஹாங்கில் அந்த இடைவெளி ஏறத்தாழ இரண்டு மாதம்.

என்னை உறுத்துவது வேறொன்று. போஹாங்கில் அதே ஆண்டு ஏப்ரலிலேயே 3.1 அளவு அதிர்வு ஏற்பட்டிருந்தது. ஆகஸ்டில் மீண்டும் நீர் செலுத்தினார்கள். செலுத்தும் நீர் குறைவானால் அதிர்வும் சிறிதாகவே இருக்கும் என்ற கணக்கு அங்கே பொய்த்துப்போனது. நீர் தந்தது ஒரு சிறு உந்துதல்தான், பேராற்றலைப் பிளவு முன்பே தேக்கி வைத்திருந்தது.

பின்லாந்தின் எஸ்போவில் 2018இல் ஆறு கிலோமீட்டர் ஆழத்தில் இதே பணி நடந்தபோது, 2.1 அளவைத் தொட்டால் நிறுத்த வேண்டும் என்று வரம்பு விதிக்கப்பட்டது. அதிர்வுகளை உடனுக்குடன் கணித்து நீரின் அளவை மாற்றினார்கள். பெரிய அதிர்வு 1.9ஐத் தாண்டவில்லை. பாராட்டத்தக்கதே. ஆனால் அது தொன்மையான, அமைதியான பாறைத்தளம். லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு இமயமலையில் இருக்கிறது.

பூகாவில் வெந்நீர் இயற்கையாகவே ஊறுகிறது. பாறையைப் பிளக்கும் தேவை அங்கே குறைவு என்பதை மறுக்கவில்லை. எனினும் வெப்பத்தை எடுத்துக்கொண்ட நீரை மீண்டும் நிலத்தடிக்கே அனுப்ப வேண்டியிருக்கும். அணை நீர் நிலத்தை அசைக்கக்கூடும் என்பதை 1967இல் கொய்னாவில் கண்ட நாடு இது. ஆகவே துளையிடுவதற்கு முன்பே அதிர்வுமானிகள் நிறுவப்பட வேண்டும். பதிவுகளை அப்பகுதி மக்களும் பார்க்க முடிய வேண்டும். பம்பை நிறுத்தும் அதிகாரம், நிறுத்துவதால் எந்த இழப்பும் அடையாத ஓர் அமைப்பிடம் இருக்க வேண்டும். போஹாங்கின் ஏப்ரல் அதிர்வுக்குப் பின் அப்படி ஒருவர் முடிவெடுத்திருந்தால், ஆகஸ்டில் பம்பு மீண்டும் ஓடியிருக்குமா என்பது ஐயமே.