விரல் மரத்துப்போனால் கழுத்தை முறுக்குவதா?

நள்ளிரவில் கை மரத்து விழித்துக்கொள்வதும், கையை உதறியதும் சற்றே தெளிவதும், விடிந்தபின் அதை மறந்து வேலைக்குக் கிளம்புவதும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பல குடும்பங்கள் அறிந்த தொல்லையே. வெங்காயத்தாள் அறுப்பவர், பருத்தி எடுப்பவர், முந்திரிக்கொட்டை உடைப்பவர், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர், இரு வேளையும் பால் கறப்பவர் எனப் பலரும் இதை 'வாயுப் பிடிப்பு' என்றோ 'நரம்புத் தளர்ச்சி' என்றோ சொல்லிக் கடந்துவிடுகின்றனர். பின்னர் ஒருநாள் தேநீர்க் குவளை கைநழுவி விழுகிறது. ரவிக்கையின் கொக்கியை மாட்ட விரல்கள் மறுக்கின்றன. அப்போதும் முதலில் நாடுவது சுளுக்கு வழிப்பவரை. அண்மைக்காலமாகக் கைப்பேசியில் 'சொடக்' என்று எலும்பு ஒலிக்கும் காட்சிகளைக் கண்டு கைரோபிராக்டிக் நிலையங்களை.

இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் எனப்படும் இந்நோயைத் தமிழில் மணிக்கட்டுக் குகை நோய் எனலாம். உள்ளங்கையின் அடியில் மணிக்கட்டுச் சிற்றெலும்புகள் தொட்டில்போல் வளைந்து நிற்க, அவற்றின்மேல் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று கூரையாகப் படிந்துள்ளது. இந்தக் குறுகலான வழியில் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் நடுநரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. உள்ளே சிறிதளவு வீக்கம் ஏற்பட்டாலும் நசுங்குவது நரம்புதான். அதனால் பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவை மரத்துப்போகின்றன. சுண்டுவிரல் தப்பிவிடும். மருத்துவரிடம் செல்லுமுன் எந்தெந்த விரல்கள் மரக்கின்றன என்று கவனித்துச் செல்லுங்கள்; அந்த ஒரு விவரம் பாதி நோயறிதலுக்குச் சமம்.

மணிக்கட்டை வளைத்தவாறே ஓயாமல் செய்யும் வேலையும், கற்சுரங்கத்துத் துளைக்கருவி போன்ற அதிரும் கருவிகளும் இந்நோய்க்கு வழிவகுக்கின்றன. ஆயினும் வேலை ஒன்றையே குற்றஞ்சொல்வது சரியன்று. சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், உடற்பருமன், கருவுற்ற காலத்தின் நீர்க்கோவை ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம். விரல் மரத்து வந்தவருக்கு இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நோய் முதன்முறையாகத் தெரியவருவதும் உண்டு. எலும்பைச் சொடுக்குவோர் எவரும் இரத்தத்தைப் பரிசோதிப்பதில்லை. எங்கள் முதல் ஆட்சேபம் இதுவே.

கைரோபிராக்டிக் 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கிய முறை. 'கையால் செய்வது' என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து அதன் பெயர் வந்தது. ஆனால் அதன் நாட்டமெல்லாம் முதுகெலும்பின்மீதுதான். அந்நாட்டில் இதற்கெனப் பட்டப்படிப்பும் மாநில உரிமமும் உண்டு. இந்தியாவில் கைரோபிராக்டிக் செய்வோரைப் பதிவுசெய்து நெறிப்படுத்தும் தனிச் சட்டமன்றக் குழு எதுவும் இல்லை. பெயர்ப்பலகையைப் பார்த்து, முறையாகப் பயின்றவர் யார், காணொளி பார்த்துக் கற்றவர் யார் என்று நோயாளி கண்டறிய வழியில்லை.

அம்முறையால் பயனே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 91 பேரில் ஒரு பகுதியினருக்குக் கைரோபிராக்டிக் சிகிச்சையும் மற்றவர்களுக்கு வலிமாத்திரையுடன் மணிக்கட்டுப் பட்டையும் அளித்து ஒப்பிட்டது. இரு சாராரும் தேறினர். பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் கைரோபிராக்டிக் பெற்றவர்களும் இரவில் பட்டை அணிந்தே உறங்கினர் என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படியிருக்க, தேர்ந்த இயன்முறை மருத்துவர் மணிக்கட்டுக்கு மென்மையான அசைவுப்பயிற்சி தருவதை, நோய் உறுதியான பின், துணைச் சிகிச்சையாக ஏற்கலாம். மணிக்கட்டில் நசுங்கிய நரம்புக்காகக் கழுத்தைத் திடீரென முறுக்குவதை மட்டும் ஏற்க இயலாது. அரிதாகவே என்றாலும், அம்முறுக்கில் கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு. கழுத்து நரம்பு அழுந்தினாலும் விரல்கள் மரக்கும் என்பது மெய்தான். எனில் அதையும் பரிசோதித்தே அறிய வேண்டும்.

மக்கள் அங்கே செல்வதற்கு மருத்துவர்களும் ஒருவகையில் பொறுப்பு. இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தனுப்பினால், கையைத் தொட்டுப் பார்ப்பவரிடம் நோயாளி போகவே செய்வார்.

தொடக்க நிலையில் சிகிச்சை எளிது. மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை இரவில் சில வாரங்கள் அணிவது முதற்படி. பகலில் பாத்திரம் கழுவவும் மாவு பிசையவும் அது தடையென்று பலர் கழற்றி வைக்கின்றனர். அது இரவுக்கானது, பகலில் கழற்றியதற்காக இரவிலும் விட்டுவிட வேண்டாம். தேவைப்பட்டால் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடப்படும். நரம்பின் வேகத்தை அளக்கும் மின்பரிசோதனை, பாதிப்பின் அளவைக் காட்டும்.

அறுவை சிகிச்சை என்றதும் 'நரம்பை வெட்டிவிடுவார்கள்' என்ற அச்சம் எழுகிறது. வெட்டப்படுவது நரம்பன்று, மேலே அழுத்தும் நார்ப்பட்டை. கையை மட்டும் மரக்கச் செய்து, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பும் வகையில் இது நடைபெறுகிறது. அஞ்ச வேண்டியது தாமதத்துக்கே. மாதக்கணக்கில் சொடக்கு எடுத்துவிட்டு வரும்போது பெருவிரலின் அடிச்சதை குழிவிழுந்திருந்தால், அதன்பின் கூரையைத் திறந்தாலும் அச்சதை பழையபடி நிரம்பாமல் போகலாம். ஊசியில் நூல் கோக்கும் விரலையும் பால் கறக்கும் பிடியையும் அவ்வாறு இழப்பவர், பெரும்பாலும் அவற்றைக் கொண்டே பிழைப்பவர்.

உங்கள் இரு உள்ளங்கைகளையும் இன்றிரவு விளக்கொளியில் அருகருகே வைத்துப் பெருவிரலடி மேட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று தட்டையாகத் தெரிந்தாலோ, விரல் மரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனை, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது எங்கள் புறநோயாளர் பிரிவு என எது அருகில் உள்ளதோ அங்கே வாருங்கள். சர்க்கரை மாத்திரைச் சீட்டு இருந்தால் அதையும் கையோடு கொண்டுவாருங்கள்.