கிழிந்த சிறகை ஒட்டவைக்கும் கலை

வண்ணத்துப்பூச்சிகளைப் படம்பிடிக்கும் அன்பர்கள் சிலரிடம் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. பூச்சியின் சிறகு கிழிந்திருந்தால் கணனியில் ஒட்டிவிடுகிறார்கள். நல்ல பக்கத்துச் சிறகைப் பிரதிசெய்து, இடம் வலமாகத் திருப்பி, பழுதான பக்கத்தின்மேல் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. கேட்டால் பரிசோதனை, கலை என்கிறார்கள். செய்தியை அழிப்பதற்குக் கலை என்று பெயர் சூட்டுவதை, பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்த என்னால் ஏற்க இயலவில்லை.

கிழிசல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். நீலன்கள் எனப்படும் சிறு வண்ணத்துப்பூச்சிகளில் பலவற்றின் பின்சிறகு ஓரத்தில் கண் போன்ற புள்ளியும் உணர்கொம்பு போன்ற மெல்லிய வாலும் இருக்கும். குருவி அதைத் தலையென்று நம்பிக் கொத்தும். சிறகில் ஒரு துண்டு போகும், உயிர் தப்பும். அந்தப் பொய்த்தலை இருந்த இடத்திலுள்ள வெட்டு, பூச்சி பிழைத்துவந்ததற்கான சாட்சியம். ஆய்வாளர்கள் இத்தகைய அலகுத் தடங்களை எண்ணிக் கணக்கெடுப்பதுண்டு. அழகு கருதி அதனை மறைப்பவர், குண்டு துளைத்த சுவருக்குச் சுண்ணாம்பு பூசிவிட்டுப் படமெடுக்கும் நிருபரைவிட எந்த வகையில் மேலானவர்?

நிறத்திற்கும் இதே கதிதான். எங்கள் தீவிலும் இந்தியாவிலும் காணப்படும் கிரிம்சன் ரோஸ், புழுப்பருவத்தில் ஆடுதீண்டாப்பாளையைத் தின்று நஞ்சேறியது. பறவைகள் அதனை நாடுவதில்லை. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளரும் கொமன் மோர்மனின் பெண்களில் ஒரு வகை அதன் வேடத்தைப் போட்டுக்கொண்டு திரிகிறது. இரண்டையும் வேறுபடுத்த எளிய வழி உடல்: முன்னதற்குச் செந்நிறம், பின்னதற்குக் கருநிறம். மோர்மனின் சிவப்பு சற்று மங்கலும்கூட. நமது படக்கலைஞரோ நிறச்செறிவைக் கூட்டுகிறார். சிறகின் கோலம் மட்டும் சட்டகத்தை நிறைக்கவேண்டும் என்று உடலை வெட்டியெறிகிறார். பறவையை ஏமாற்ற அந்தப் பூச்சி போட்ட வேடத்தை, மனிதரையும் ஏமாற்றும்படி ஐந்து நிமிடத்தில் திருத்திக் கொடுத்துவிடுகிறார். ஐநேச்சரலிஸ்ட் போன்ற தளங்களில் பொதுமக்கள் ஏற்றும் படங்கள் இன்று இனங்களின் பரம்பலுக்கு ஆதாரமாகக் கொள்ளப்படுகின்றன. இதனை இரசனைத் தகராறு என்று ஒதுக்கிவிட முடியாது.

குளிர்சாதனப்பெட்டிக்காரர்கள் இன்னொரு இரகம். உடல் சூடேறினாலன்றிப் பறக்க இயலாத உயிரினம் இது. ஆகவே பிடித்துக் குளிரூட்டி, மரத்துப்போனதும் பூவில் இருத்திப் படமெடுக்கிறார்கள். விடியற்காலையில் புல்வெளிக்குப் போனாலே பூச்சி அசையாமல் இருப்பதைக் காணலாம் (எழும்பப் பஞ்சி போலும்!). செத்த பூச்சியைப் பூவில் ஒட்டுவோரும் உளர். கண்டுபிடிப்பது கடினமன்று. ஊசி குத்திப் பதப்படுத்தும்போது முன்சிறகின் கீழ்விளிம்பு உடலுக்குச் செங்கோணமாக நிற்கும்படி மேலே இழுத்துவிடுவார்கள். உயிருள்ள பூச்சி பூவில் அமர்ந்து அப்படி விரிப்பது அரிது. 2017இல் பரிசு பெற்ற ஒரு படத்தில் இருந்தது பாடம் செய்யப்பட்ட எறும்புதின்னியே என்று முடிவுசெய்து, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2018இல் அவ்விருதை இரத்துச் செய்தது.

எந்தப் படமும் ஒரு தெரிவுதானே என்று வாதிடுவோர் உண்டு. கோணத்தைத் தெரிவதும், பின்னணியை மங்கலாக்குவதும், இருளில் கிடந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதும் கலைஞனின் உரிமை. அதில் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடட்டும். கண்முன் இருந்ததை இல்லையென்று ஆக்குவது வேறு. 1982 பெப்ரவரி இதழின் அட்டைக்குப் பொருந்தவேண்டும் என்பதற்காக நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை கீஸாவின் பிரமிட்டுகளைக் கணனியில் நெருக்கிவைத்து வாங்கிய கண்டனம் இன்றும் பேசப்படுகிறது.

மாற்றியே தீருவேன் என்போர் ‘கணனியில் மாற்றப்பட்டது’ என்று படத்தின் கீழ் ஒரு வரி எழுதட்டும். போட்டி நடத்துவோர் கமராவின் மூலக்கோப்பைக் கேட்டு வாங்கட்டும். கொடுக்க மறுப்பவருக்குப் பரிசு எதற்கு?