நம்பிக்கை எண்டால் எந்த நம்பிக்கை?

தமிழில நம்பிக்கை என்ற ஒரு சொல் இரண்டு பேருடைய வேலையைச் செய்யுது. "அவரில எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றாலும் நம்பிக்கைதான். "இது சரிவரும் எண்டு நம்பிக்கை இருக்கு" என்றாலும் நம்பிக்கைதான். முதலாவது ஒரு ஆளைப் பற்றினது, இரண்டாவது இனி நடக்கப்போறதைப் பற்றினது. ஊரில் இருந்தவரைக்கும் இதால பெரிய கரைச்சல் வரவில்லை. இங்கே கனடாவுக்கு வந்து, பத்துச் சதம் பதினைந்து சதம் விலைபோகிற சின்னக் கொம்பனிப் பங்குகளை எங்கட ஆக்களே எங்கட ஆக்களுக்குச் சிபாரிசு செய்யத் தொடங்கின பிறகுதான் இந்தச் சொல்லின் விளையாட்டு விளங்குது. முதலாவது நம்பிக்கையைக் காட்டி இரண்டாவதை வித்துப்போடுகிறார்கள்.

நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். ஒன்ராறியோவின் வடக்கில லித்தியம் தேடுகிற ஒரு கொம்பனி. பங்கு 12 சதம். "5 டொலருக்குப் போகும், எழுதி வை" என்று சொன்னவர் எனக்கு மச்சான் முறை. கெட்ட மனுசன் இல்லை, தன்ர காசையும் போட்டிருக்கிறார். அவருடைய பேச்சைக் கேட்டு என்ர அக்காவின் மகன் காசு போடப் பார்க்கிறான். அது வேலைசெய்து சேர்த்த காசும் இல்லை, ஊர்க் காணி வித்த காசு. அந்தக் காணியில் அவன் ஒருநாளும் கால் வைச்சதில்லை. ஆனால் அது அவனுடைய அம்மம்மா மிளகாய்க் கன்று நட்டு, வாளியால தண்ணி அள்ளி ஊத்தி வைச்சிருந்த காணி.

நான் நாலு கேள்வி கேட்டேன். மொத்தம் எத்தனை பங்கு? வங்கியில் எவ்வளவு காசு கிடக்கு? மாதம் எவ்வளவு செலவாகுது? நிர்வாகத்தில் இருக்கிறவர்கள் வாங்குகிறார்களா விற்கிறார்களா? மச்சானிடமிருந்து வந்த பதில்: "அப்ப உனக்கு என்னில நம்பிக்கை இல்லை?"

பாருங்கோ, நான் கொம்பனியைக் கேட்டேன், அவர் தன்னைக் கேட்டதாக எடுத்துக்கொண்டார். பிறகு வேறொரு வீட்டில், "ஒருத்தன் முன்னுக்கு வாறதை அவர் பொறுக்கமாட்டார்" என்று என்னைப் பற்றிச் சொன்னதாகவும் காதில் விழுந்தது.

சரி, பொறாமைக்காரனின் கணக்கைப் பார்ப்போம். இதுக்கு ஒருவரையும் கெஞ்சத் தேவையில்லை. கனடாவில் பங்குச் சந்தையில் இருக்கிற எந்தக் கொம்பனியின் கணக்கும் செடார் பிளஸ் என்ற தளத்தில் இலவசமாகக் கிடக்கு. இந்தக் கொம்பனிக்கு 18 கோடி பங்குகள். 12 சதப்படி பார்த்தால் முழுக் கொம்பனியின் விலை 2 கோடியே 16 இலட்சம் டொலர். அதோடு 6 கோடி வொறன்ற். (பிடியாணை இல்லை! குறித்த விலைக்குப் புதுப் பங்கு எடுக்கிற உரிமை.) விலை ஏறினால் அந்த 6 கோடியும் பங்காக மாறும், மொத்தம் 24 கோடியாகும். ஆகவே "5 டொலருக்குப் போகும்" என்றால், இதுவரைக்கும் சில துளைகள் மட்டும் போட்ட கொம்பனி 120 கோடி டொலர் பெறுமதியாகும் என்று அர்த்தம். மச்சானிடம் "இது 120 கோடி பெறுமா?" என்று கேட்டிருந்தால் அவரே சிரித்திருப்பார். "12 சதம் 5 டொலர் ஆகாதா?" என்று கேட்டால் ஏன் ஆகாது என்று தோன்றுது. ஒரே கேள்விதான் இரண்டும்.

வங்கியில் 6 இலட்சம் டொலர், மாதச் செலவு ஒன்றரை இலட்சம். நாலு மாதம். அதுக்குப் பிறகு புதுப் பங்கு வெளியிட்டுத்தான் காசு எடுக்கவேண்டும், அதுவும் பெரும்பாலும் சந்தை விலையை விடக் குறைவாக, வொறன்றும் சேர்த்துக் கொடுத்து. அப்படி எடுக்கிறவர்கள் வழமையாக நாலு மாதம் விற்கமுடியாது. அந்த நாலு மாதம் முடிகிற கிழமை யார் விற்பார்கள், யார் வாங்குவார்கள்? தொலைபேசியில் "இப்ப வாங்கு, இப்ப வாங்கு" என்று சொல்லப்படுகிறவர்கள்தான் வாங்குவார்கள்.

கனடாவில் இருந்துகொண்டு சுரங்கப் பங்கைப் பற்றிக் கதைக்கிறவர்கள் பிறீ-எக்ஸ் கதையைத் தெரியாமல் கதைக்கக்கூடாது. நான் அப்போது இரவு வேலை செய்த தொழிற்சாலையில் சுப்பவைசரிலிருந்து பெட்டி தூக்குகிறவன் வரைக்கும் அதைத்தான் கதைத்தார்கள். எங்களிடம் பங்கு வாங்கக் காசில்லை, அகதி வழக்குக்கு வக்கீலுக்குக் கட்டவே காணாது. கல்கரியைச் சேர்ந்த அந்தக் கொம்பனி 1993ல் இந்தோனேசியாவில் புசாங் என்ற இடத்தைப் பிடித்தது. சதக் கணக்கில் கிடந்த பங்கு ஏறி ஏறி, கொம்பனியின் மொத்தப் பெறுமதி 600 கோடி டொலரைத் தாண்டியது. 1997 தொடக்கத்தில் 7 கோடி அவுன்ஸ் தங்கம் இருக்கு என்றார்கள்.

அங்கேயும் சனம் நம்பினது ஆளைத்தான். தலைமைப் புவியியலாளர் ஜோன் ஃபெல்டர்ஹொஃப் சும்மா ஆள் இல்லை. பப்புவா நியூகினியின் ஒக் ரெடிச் சுரங்கத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். 1997 மார்ச்சில் ரொறன்ரோவில் வைத்து அவருக்குச் சுரங்கத் துறையின் விருதும் கொடுத்தார்கள். அதே மாதம் 19ம் திகதி புசாங்கில் வேலை பார்த்த மைக்கேல் டி குஸ்மான் ஹெலிகொப்டரிலிருந்து விழுந்து இறந்தார். ஒரு கிழமையில், தானே தனித் துளைகள் போட்டுப் பார்த்த ஃப்றீபோர்ட் கொம்பனி சொல்லத்தக்க தங்கம் இல்லை என்று அறிவித்தது. பங்கு ஒரே நாளில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் விழுந்தது. மே மாதம் சுயாதீன அறிக்கையும் வந்தது: மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தைக் கலந்திருக்கிறார்கள். ஒன்ராறியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதிக்கு மட்டும் ஏறத்தாழ 10 கோடி டொலர் நட்டம். ஃபெல்டர்ஹொஃப் மீதான பங்குச் சந்தைக் குற்றச்சாட்டுகளிலிருந்து 2007ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒருவரும் சிறைக்குப் போகவில்லை.

இதில் எனக்கு மறக்கமுடியாத விசயம் ஒன்று. நிலத்திலிருந்து எடுக்கிற கல் உருளையை நெடுக்காக இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பரிசோதனைக்கு அனுப்பி, மற்றப் பாதியைப் பெட்டியில் வைத்திருப்பது வழமை. யாருக்கும் சந்தேகம் வந்தால் திருப்பிப் பார்க்கலாம். புசாங்கில் அப்படி வைக்கவில்லை, கிட்டத்தட்ட முழுதையும் அரைத்து அனுப்பினார்கள். இது இரகசியமும் இல்லை. கேட்டிருக்கக்கூடிய கேள்வி, ஆனால் விலை ஏறுகிற நேரம் கேட்க ஆருக்கும் மனம் வரவில்லை. அதுக்குப் பிறகு 2001ல் கனடா புது விதி கொண்டுவந்தது. தகுதி பெற்ற ஒருவர் பேர் போட்டுப் பொறுப்பெடுக்காமல் இப்போது கனிய அளவு சொல்லமுடியாது.

இதை வாசித்துவிட்டு "நான் அப்பவே சொன்னனான், பங்கு எல்லாம் களவு" என்று தலையாட்டுகிறவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கு. அதே 1993ல் லாப்ரடோரில் வைரம் தேடிப் போன இரண்டு நியூஃபவுண்ட்லாந்துக்காரர் துருப்பிடித்த நிறத்தில் ஒரு மலையைக் கண்டார்கள். வொய்சிஸ் பே. வைரம் இல்லை, நிக்கல். அவர்களை அனுப்பினதும் டயமண்ட் ஃபீல்ட்ஸ் என்ற சின்னக் கொம்பனிதான். 1996ல் இன்கோ அதை 430 கோடி டொலருக்கு வாங்கியது. 2005ல் சுரங்கம் வேலை தொடங்கியது. அங்கே கல் பெட்டியில் இருந்தது, மற்றவன் வந்து வெட்டிப் பார்த்தாலும் நிக்கல் இருந்தது. ஒன்றையும் பார்க்காமல் நம்புகிறவருக்கும் ஒன்றையும் பார்க்காமல் சந்தேகப்படுகிறவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பேரும் அறிக்கையைத் திறக்கவில்லை. (இந்தச் சந்தேகக்காரரில் சிலபேர் மூன்று வீட்டை அடைமானத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டு விலை விழாது என்று சத்தியம் செய்கிறவர்கள். அது வேற கதை.)

எங்கட சனத்துக்கு இது தெரியாத கலையும் இல்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பின ஏஜென்சிக்காரரோடு எங்கட தாய்மார் எப்படி நடந்தார்கள்? முழுக் காசையும் ஒருநாளும் கையில் கொடுக்கவில்லை. பாதியை நடுவில் ஒரு பொது ஆளிடம் வைத்து, "பிள்ளை போய்ச் சேர்ந்து, தன்ர வாயால ரெலிபோனில கதைச்ச பிறகுதான் மிச்சம்" என்றார்கள். பிள்ளை போய்ச் சேரும் என்ற நம்பிக்கை இல்லாமலா தாலிக்கொடியை அடைவு வைத்தார்கள்? இருந்தது. ஏஜென்சிக்காரனில் சந்தேகமும் இருந்தது. இரண்டையும் ஒரே மடியில் முடிந்து வைத்திருந்தார்கள். அவனும் கோவிக்கவில்லை, ஏனென்றால் அது தொழில். சீட்டுப் பிடிக்கிற மாமியிடமும் இப்படித்தான். தேத்தண்ணி குடித்து, குடும்பக் கதை கதைத்து, கடைசியில் "அக்கா, கொப்பியை ஒருக்காக் காட்டுங்கோ" என்று கேட்பார்கள். அவவும் காட்டுவா.

இந்தப் பழக்கம் ஸ்காபரோவுக்கு வந்து எங்கே போனது? விருந்து மண்டபத்தில் ரோல்ஸும் கொத்துரொட்டியும் தந்து, திரையில் அம்புக்குறி மேலே போகிற படம் காட்டி, வீட்டின் மேல் கடன் எடுத்துப் போடுங்கோ என்று கோட்டுப் போட்ட ஒருவர் சொல்கிறார். எழும்பி ஒரு கேள்வி கேட்டால் முன்வரிசையில் இருக்கிற சொந்தக்காரரே திரும்பி முறைக்கிறார்கள். அந்தக் கோட்டுக்காரர் எந்தக் கொம்பனியிடம் என்ன சம்பளத்துக்குப் பேசுகிறார் என்று கேட்கிறது மரியாதைக் குறைவாம். ஆரின் மரியாதைக்கு?

மருமகனிடம் போடாதே என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு 26 வயது, உழைக்கிறான். தன்ர சம்பளத்தில் ஆயிரம் டொலர் போடட்டும், போனால் ஒரு பாடம், வந்தால் எனக்கொரு விருந்து. காணிக் காசு வேறு. அது அவன் உழைத்ததில்லை, திரும்ப உழைக்கவும் முடியாது. அந்த லித்தியம் நிலத்தடியில் உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும், கொம்பனி மூன்று தரம் புதுப் பங்கு வெளியிட்ட பிறகு இன்றைக்கு வாங்கினவனின் பங்கு அதில் எத்தனை வீதமாக மிஞ்சும் என்பது வேறு கணக்கு.

மச்சானுக்கும் ஒன்று. உங்களில் எனக்கு நம்பிக்கை இருக்கு. என்ர பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால கூட்டிவரச் சொல்லி உங்களிடம்தான் திறப்பைத் தந்தேன், நாளைக்கும் தருவேன். அந்தக் கொம்பனியின் தலைவரை நீங்களும் நேரில் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. ஆகையால் அந்தக் காலாண்டு அறிக்கையைக் கொண்டு வாங்கோ. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான்.